நீரால் ஆன மூட்டு

சென்ற வாரம் எமது முற்றத்திலே நுங்கு வெட்டிக்கொண்டிருந்தோம். தோண்டி எடுத்த கண் ஒன்றை இளைய மகன் கையில் வைத்து அமுக்கினான். அது பிளந்து, உள்ளிருந்த நீர் அவன் முழங்கை வரை வழிந்தது. திண்ணையிற் கதிரையில் இருந்தபடி இதனைப் பார்த்த எம் அன்னையார் நகைத்தார். இரண்டு ஆண்டுகளாக அவரால் நிலத்தில் அமர இயலவில்லை. முழங்கால் மூட்டுத் தேய்ந்துவிட்டது என்கிறார் வைத்தியர். மகன் கையிற் பிளந்த நுங்கும் அன்னையாரின் முழங்காலும் ஓரினத்தவை என்றால் வாசகர்கள் வியப்பர்.

நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகி, அவ்வலைக்குள்ளே பெருமளவு நீரைத் தேக்கி வைத்திருக்கும் பொருளை ஐதரோஜெல் என்பர். நுங்கும் விருந்துகளில் உண்ணும் ஜெலியும் இவ்வினத்தவை. எலும்பின் நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்பும் அத்தகையதே. அதன் நிறையில் நூற்றுக்கு 65 முதல் 80 பங்கு வரை நீர். எஞ்சியதிற் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார். அந்நார்களிடையே நீரை ஈர்த்து வைத்திருக்கும் வேறு பெருமூலக்கூறுகள் உள. நாம் படியேறும்போது உடற்பாரத்தின் சில மடங்கை இது தாங்குகின்றது. ஆனால் இதனுள் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலால் தேய்ந்த இடம் எளிதில் மீள வளர்வதில்லை.

இதற்கு ஈடாக ஒன்றைச் செய்துகொள்ள இயலாதா? நீர் ஏற்கும் பிளாஸ்டிக்கை 1960 இலேயே செக்கோசிலோவாக்கிய நாட்டு ஒற்றோ விச்டர்லேயும் அவர் துணைவர் லிம்மும் உலகுக்கு அறிவித்தனர். கண்ணில் ஒட்டி அணியும் மென்வில்லைகள் அதன் வழி வந்தவை. ஆனால் கண் பாரம் சுமப்பதில்லை, முழங்கால் சுமக்கிறது.

ஜெலி ஏன் இலகுவில் உடைகிறது? சீலைக் கடைக்காரர் துணியின் ஓரத்தைச் சிறிது வெட்டிவிட்டுப் பின் கையாற் கிழிப்பதைக் கண்டிருப்பீர்கள். இழுவிசை முழுவதும் கிழிசலின் முனையிலேயே திரள்வதால் அது தடையின்றி ஓடுகிறது. ஜெலியிலும் ஒரு கீறல் விழுந்தால் அதுவே கதி.

இதற்கு மாற்று 2003 இல் யப்பானின் ஹொக்கைடோப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஜியன் பிங் கொங் அம்மையாரும் அவர் குழுவினரும் ஒரு வலைக்குள் இன்னொரு வலையை வளர்த்தனர். முதலாவது இறுக்கமானது, நொறுங்குவது. இரண்டாவது தளர்ந்தது, நீள்வது. தனித்தனியே இரண்டும் வலுவற்றவை. சேர்ந்தவிடத்தோ, நூற்றுக்கு 90 பங்கு நீரைக் கொண்ட அப்பொருள், அமுக்கியபோது ஒரு சதுரச் சென்ரிமீற்றருக்கு 170 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கிற்று. சூட்சுமம் யாதெனில், விசை வந்ததும் முதல் வலை எண்ணற்ற நுண்ணிய இடங்களிற் சிதைந்து அவ்விசையைத் தான் வாங்கிக்கொள்கிறது. இரண்டாவது வலை அனைத்தையும் பிடித்து வைக்கிறது. கீறல் ஓட வழியில்லை.

ஒரு குறை உண்டு. சிதைந்த முதல் வலை தானாகக் கூடுவதில்லை. ஒருமுறை மட்டும் தாங்கும் முழங்காலால் எவருக்கு என்ன பயன்? எனவே அமெரிக்காவில் ஹாவாட் பல்கலைக்கழகத்தார் 2012 இல் முதல் வலையைக் கடற்பாசியிற் பெறும் அல்ஜினேற்றினால் அமைத்தனர். அதன் இழைகளைப் பிணைப்பவை கல்சியம் அயன்கள். அவை விடுபட்டு மீண்டும் பற்றிக்கொள்ளக் கூடியன. அந்த ஜெல் தன் நீளத்தைப்போல் 20 மடங்கு வரை நீண்டது.

புரதம் இதனினும் சிறந்தது. எமது தசையிலுள்ள ரைற்றின் என்னும் புரதம் சிறு சிறு முடிச்சுகளாகச் சுருண்டிருக்கும். இழுத்தால் ஒவ்வொன்றாக அவிழும், விட்டால் தானே சுருளும். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் 2010 இல் அதனைப் பின்பற்றிச் செயற்கைப் புரதம் ஒன்றை ஆக்கித் தசைபோல இழுபடும் பொருளைப் பெற்றனர். மாணவர் விளங்கத்தக்க எளிய வழியும் ஒன்றுண்டு. ஜெலாற்றின் ஜெலியைச் செறிந்த அமோனியம் சல்பேற்றுக் கரைசலில் ஊறவிட்டால், உப்பு நீரைத் தன்பால் இழுக்கும். புரதச் சங்கிலிகள் நெருங்கிப் பற்றும். நொறுங்கும் ஜெலி றப்பர்போல் இழுபடும். எம் கமக்காரர் பயிருக்கு இடும் பசளைதான் அது. (உண்ணத் தகாது, வீட்டிற் சிறுவர்கள் முயலவேண்டாம்.) உப்பு வெளியேறினால் வலுவும் போய்விடும் என்பதால் உடலுக்குள் இது நேரே உதவாது.

ஆய்வுகூடத்தில் வென்றது உடலிலும் வெல்லும் என்பதில்லை. காற்பெருவிரல் மூட்டுக்கென ஐதரோஜெல் முளை ஒன்றுக்கு 2016 இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கிற்று. எதிர்பார்த்ததினும் கூடுதலாகப் பழுதுற்றமையால் 2024 இல் அதைச் செய்தவர்களே மீளப்பெற்றனர். வழுக்கும் ஜெல்லை எலும்போடு பிணைத்து, இலட்சக்கணக்கான அடிகளைத் தாங்கச் செய்வது இழுத்துப் பார்ப்பதினும் கடினம்.

இவற்றையெல்லாம் அன்னையாரிடம் விளக்கினோம். பொறுமையுடன் கேட்டபின் அவர் சொன்னது: “அது வரேக்கை வரட்டும் தம்பி. இப்ப அந்தச் சின்னக் கதிரையை இஞ்சாலை இழு, காலை நீட்ட வேணும்.”