சுற்றுலாப் பயணிக்கு வரைபடம் உண்டு, லயத்துக்கு எப்போது?

பதுளையில் இருந்துகொண்டு வெளிநாட்டு மலையேற்ற, பனிச்சறுக்குச் சஞ்சிகைகளுக்குச் சித்திரம் வரைவது எனது தொழில். பனியை நான் தொட்டதில்லை. ஆனால் மலையைக் காகிதத்தில் கொண்டுவருவது எந்த நாட்டிலும் ஒரே வேலைதான். கட்டுரையும் சில புகைப்படங்களும் மின்னஞ்சலில் வரும். பென்சிலில் மூன்று நான்கு மாதிரிகள் அனுப்புவேன். அவர்கள் ஒன்றைத் தெரிவு செய்வார்கள். பிறகு வண்ணம். இந்த வேலையில் பாதி, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிப்பதுதான்.

பனிச்சறுக்கு மலைகளின் வரைபடங்களில் இதைத் தெளிவாகக் காணலாம். ஒஸ்ரியாவின் ஹைன்ரிச் பெரானும் அமெரிக்காவின் ஜேம்ஸ் நீஹூஸும் இந்தக் கலையின் பெரிய பெயர்கள். நீஹூஸ் மாத்திரம் 200க்கும் அதிகமான பனிச்சறுக்கு மையங்களைக் கையால் வரைந்திருக்கிறார். ஒரே பார்வையில் எல்லாச் சரிவுகளும் தெரியவேண்டும் என்பதற்காக மலையைத் திருப்புவார்கள், பள்ளத்தாக்கை அகலமாக்குவார்கள். எது இலகுவான பாதை, எது கடினமானது என்று நிறம் சொல்லும். சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரிலுள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் ஆபத்தை ஐந்து படிகளாகப் பிரித்து, வரைபடத்துடன் பல மொழிகளில் நாளாந்தம் அறிவிக்கிறது. விடுமுறைக்குப் பொழுதுபோக்க வருபவரின் உயிருக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

இனி எங்கள் மலைக்கு வருவோம். கண்டியில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 'பெக்கோ ட்ரெயில்' நடைபாதை 300 கிலோமீற்றருக்கும் அதிகமானது. 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட இப்பாதை ஐரோப்பிய ஒன்றியத்தினதும் அமெரிக்காவினதும் உதவியுடன் உருவானது. ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை என்று ஊவாவின் தோட்டங்களை ஊடறுத்துச் செல்கிறது. எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் வரைபடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதைகளில் பெரும்பகுதி புதிதாக வெட்டப்பட்டவை அல்ல. கொழுந்து மடுவத்துக்கும் தொழிற்சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழிகள் அவை.

சஞ்சிகைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே படத்தைத்தான். ஒன்பது வளைவுப் பாலம், நீல ரயில், பச்சைச் சரிவு, கூடையுடன் ஒரு பெண். ஒருமுறை சரிவின் ஓரத்தில் ஒரு லயத்தை வரைந்து அனுப்பினேன். "காட்சி நெருக்கமாக இருக்கிறது, கட்டடத்தை எடுத்துவிடுங்கள்" என்று பதில் வந்தது. கூடையுடன் நின்ற பெண் படத்தில் தங்கினாள். அவள் இரவில் உறங்கும் இடம் போய்விட்டது.

ஒரு சித்திரத்துக்காக இவ்வளவு பேசவேண்டுமா என்று கேட்கலாம். கொஸ்லந்தையைப் பாருங்கள். அங்கிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் உள்ள தியலும நீர்வீழ்ச்சி, சாகசப் பயணக் கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும். அதே கொஸ்லந்தையில்தான் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போயின. பலரின் உடல்கள் இன்றுவரை மீட்கப்படவில்லை. அது மண்சரிவு அபாயமுள்ள இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆபத்து அதிகாரிகளின் கோப்புகளில் இருந்தது. லயத்தின் சுவரில் இருக்கவில்லை.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' வந்தபோது நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போது வலுவாக எழுந்தது. இரவில் மலை இறங்கும்போது எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒரு குடும்பத்துக்குத் தெரியவேண்டுமானால், அதை மழைக்கு முன்பே அவர்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

வடக்கிலும் கிழக்கிலும் உள்ள வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மீள்குடியேறிய வன்னிக் கிராமங்களில் மிதிவெடி அபாயத்தைச் சொன்ன சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளையும் அந்தப் படத்தைப் பார்த்து நின்றது. பள்ளிக்கூடங்களில் சித்திரங்களைக் காட்டியே எதைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி மீள்குடியேறியவர்களில், 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். அங்கே செய்ய முடிந்ததை இங்கே ஏன் செய்யவில்லை?

படம் மண்சரிவைத் தடுக்காது. பாதுகாப்பான காணியும் அதில் ஒரு வீடும்தான் நிரந்தரத் தீர்வு. 7 பேர்ச் காணி என்ற வாக்குறுதி ஆட்சிக்கு ஆட்சி கைமாறுகிறது. அது முழுமையாக நிறைவேறும்வரை அபாயச் சரிவில் உறங்குபவர்கள் உறங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். அந்த இடைக்காலத்துக்கு வரைபடம் வேண்டும்.

சுற்றுலா வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. தோட்டத்து இளைஞர்கள் சிலர் வழிகாட்டிகளாக உழைக்கிறார்கள், நானும் அதில்தான் வாழ்கிறேன். நான் கேட்பது, அந்த வரைபடத்தை உண்டாக்கிய அதே அக்கறையைத்தான். ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் ஒரு பெரிய வண்ணப் படம் போதும். லயங்கள், நீரோடைகள், வெடிப்பு விட்ட சரிவுகள், ஒதுங்கக்கூடிய பள்ளிக்கூடம் அல்லது கோயில், அங்கே போகும் பாதை. இடங்களின் பெயர்கள் மக்கள் அழைக்கும் விதத்திலேயே தமிழில் இருக்க வேண்டும். அபாய விபரம் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கிறது. பாதை விபரம் அங்கே வாழ்பவர்களிடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் சேர்ப்பதற்கு வரையத் தெரிந்த ஒருவரும் சில நாட்களும் போதும்.

தோட்ட நிர்வாகங்களும் பிரதேச செயலகங்களும் தொழிற்சங்கங்களும் இதை அடுத்த பருவமழைக்கு முன் செய்யலாம். பதுளையில் வரையத் தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. கூப்பிட்டால் நானும் வருவேன்.