கறாரான தண்டவாளம், தாராளமான பனி

பொம்மை ரயில் கட்டுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு எல்லாமே அளவுப்படி இருக்க வேண்டும். ரயில் நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு என்றால் வீடு, மரம், வீட்டு நாய் வரைக்கும் 87-இல் ஒரு பங்கு. இன்னொரு கட்சிக்கு வண்டி சுற்றினால் போதும். டிசம்பர் மாதத்துக்கு மட்டும் வீட்டுக்குள் ஒரு சின்னப் பனி ஊரைக் கட்டி, அதில் ரயில் விட நினைப்பவர்கள் இந்த இரண்டிலும் சேர வேண்டாம் என்பேன். தண்டவாள விஷயத்தில் கறாராக இருங்கள். ஊர் விஷயத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் தாராளம் காட்டலாம்.

அந்தத் தாராளத்துக்குச் சரித்திர ஆதாரமே இருக்கிறது. நாங்கள் இருக்கும் பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்று ஓர் ஊர். மொரேவியக் கிறிஸ்தவர்கள் குடியேறி, 1741-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். கிறிஸ்து பிறந்த குடிலோடு நிறுத்தாமல், அதைச் சுற்றிப் பாசியும் கட்டையும் மரப் பொம்மைகளுமாக ஒரு நிலத்தையே விரித்துவைப்பது அவர்கள் வழக்கம். ‘புட்ஸ்’ என்பார்கள். காலப்போக்கில் அந்த நிலத்தில் வேலி வந்தது, ஆலை வந்தது, வீடுகள் வந்தன. மின்சார ரயில் வந்ததும் அதுவும் உள்ளே நுழைந்துவிட்டது.

ரயில் வந்த கதை தனிச் சுவை. 1901-இல் நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் என்ற இளைஞர் மின்சாரத்தில் ஓடும் ஒரு சின்னச் சரக்கு வண்டியைச் செய்தார். விளையாடுவதற்கு அல்ல, கடையின் கண்ணாடி ஜன்னலுக்குள் சுற்றவிட்டு, தெருவில் போகிறவர்களை நிற்கவைப்பதற்கு. நின்றவர்கள் கடைச் சரக்கை விட்டுவிட்டு வண்டியை விலை கேட்டார்கள். அவருடைய லயனல் நிறுவனம்தான் பின்னாளில் அமெரிக்கக் கிறிஸ்துமஸ் மரத்தடிக்கு ரயிலைக் கொண்டுவந்து சேர்த்ததில் பெரிய பங்கு வகித்தது. கோவன், யூதக் குடியேறிகளின் மகன். பண்டிகைகள் யார் கையால் வளர்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மரத்தடி ஊரில் அளவுப் பொருத்தத்தை யாரும் கேட்டதில்லை. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஜப்பானிலிருந்து அட்டை வீடுகள் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு வந்தன. கூரையில் மினுமினுப்பு தூவி, பின்சுவரில் பல்பு நுழைக்க ஓட்டை விட்ட, சில்லறைக் காசுக்குக் கிடைத்த வீடுகள். பக்கத்தில் ஓடும் ரயிலின் பெட்டி அவற்றின் கூரையை விட உயரமாக இருக்கும். 1976-இல் டிபார்ட்மென்ட் 56 என்ற நிறுவனம் உள்ளே விளக்கெரியும் பீங்கான் வீடுகளைக் கொண்டுவந்தது. வீடு வீடாக மக்கள் சேர்த்தார்கள். சாதாரண 1:87 ரயிலை அவற்றின் பக்கத்தில் விட்டால் எலி ஓடுவதுபோல் இருந்தது. 1998-இல் பாக்மன் நிறுவனம் ஒரு வேலை செய்தது: 1:48 அளவில் இன்ஜினும் பெட்டியும் செய்து, அவற்றை 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தச் சாதாரணத் தண்டவாளத்திலேயே ஓடவிட்டது. குறுகிய பாதை ரயில் என்று அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. ஆக, ஊருக்காக ரயில்தான் வளைந்துகொடுத்திருக்கிறது.

எங்கள் ஊரில் அளவு பொருந்தாதது என் மகளுக்கு ஒப்பவில்லை. “அப்பா, அந்த ஸ்கேட்டிங் பண்ற மாமா சர்ச் கதவுக்குள்ளயே போக முடியாதுப்பா” என்றாள். “பாட்டி வீட்டுக் கொலுவுல செட்டியார் பொம்மை எதிர்ல இருக்கிற மலையை விடப் பெருசா இருக்குமே, அங்க கேட்டியா?” என்றேன். உண்மையில் இதில் ஒரு தந்திரமும் இருக்கிறது. பெரிய உருவங்களை முன்னாலும் சின்ன வீடுகளைப் பின்னாலும் வைத்தால், கையகல இடம் தூரமாகத் தெரியும். எங்கள் பலகையில் ஓடுவது 1:160 ரயில். முன்னால் குளத்தில் சறுக்குபவர்கள் 1:87.

இனி கறார் பகுதி. பலகை மூன்றடிக்கு இரண்டடி. 1:160 ரயிலுக்கான 9 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் 249 மில்லிமீட்டர் ஆர வளைவுகள் கிடைக்கின்றன. அவற்றால் போடும் நீள்வட்டப் பாதை இந்தப் பலகையில் தாராளமாக அடங்கும். நீளமான பயணிகள் பெட்டிகளை இந்த வளைவில் விடாதீர்கள். குட்டை இன்ஜின், குட்டைப் பெட்டிகள் மூன்று நான்கு போதும்.

புதிதாகக் கட்டுகிற எல்லோருக்கும் மலையேறும் ரயில் மேல் ஆசை வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாதை இன்னொன்றின் மேலே தாண்ட, இந்த அளவில் சுமார் 5 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். குட்டி இன்ஜின் தடுமாறாமல் ஏற, மீட்டருக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. அப்படியென்றால் ஏறுவதற்கு மட்டும் இரண்டரை மீட்டர் பாதை. நம் நீள்வட்டம் முழுவதுமே இரண்டு மீட்டர் சொச்சம்தான். ஆகவே தண்டவாளத்தைச் சமமாக விட்டுவிட்டு நிலத்தை ஏற்றி இறக்குங்கள். பின்பக்கம் ஒரு குன்று, அதில் ஒரு குகை. வண்டி மறைந்து வெளியே வந்தாலே மலைநாடு வந்துவிடும். குகையின் பின்சுவரைத் திறந்து வையுங்கள்; வண்டி தடம் புரள்வதென்றால் கை எட்டாத இடத்தில்தான் புரளும்.

குன்றுக்குக் கனமான தெர்மோகோல் பலகை போதும். ஸ்ப்ரே பெயின்டும் கரைப்பான் கலந்த பசையும் அதை அரித்துத் தின்றுவிடும். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை, தண்ணீர் பெயின்ட், இவை மட்டுமே. பனி போடுவதற்கு முன் வண்டியை ஒரு மாலை முழுக்க ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பனிக்கு வந்தால் மனசு லேசாகிவிடுகிறது. ஒட்டுப்போட்ட இடம், கோணலாக வெட்டிய குன்று, சரியாகப் பொருந்தாத வீட்டு அடித்தளம் எல்லாவற்றையும் அது மூடிவிடும். புதிதாகக் கட்டுகிறவர்கள் பனிக்காலத்தில்தான் தொடங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் பஞ்சு வேண்டாம். அதன் இழை இன்ஜின் அச்சில் சுற்றிக்கொண்டு பல்சக்கரத்தைப் பிடித்துவிடும். சமையல் சோடாவும் வேண்டாம். அது ஈரத்தை இழுக்கும், நாளாக ஆக மஞ்சளாகும், தண்டவாள உலோகத்துக்கும் ஆகாது. பிளாஸ்டர் பூசி வெள்ளை அடித்து, மேலே இதற்கென்றே விற்கும் பனித்தூளைப் பசையோடு தூவுவதுதான் நிலைக்கும். நிஜப் பனி முழு வெள்ளை அல்ல. ஜன்னல் வழியே ஒரு காலையில் பார்த்தால் நிழலெல்லாம் நீலம். பள்ளங்களில் துளி நீலம் கலந்து அடியுங்கள். கூரையில் கனமாகப் போடுங்கள், புகைபோக்கியைச் சுற்றிக் கொஞ்சம் உருகவிடுங்கள். தண்டவாளத்தின் தலையில் மட்டும் ஒரு துகள்கூட இருக்கக் கூடாது. பழைய போட்டோ சட்டத்தின் கண்ணாடிக்கு அடியில் வெளிர்நீலம் பூசினால் உறைந்த குளம் தயார்.

விளக்கில் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். வீட்டு விளக்குகளைத் தண்டவாள மின்சாரத்திலிருந்து எடுக்காதீர்கள். சாதாரண நேர்மின்னோட்ட ரயிலில் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வோல்டேஜை மாற்றித்தான். வண்டி ஸ்டேஷனில் நின்றால் ஊரே இருட்டாகும். தனி இணைப்பு கொடுங்கள். மஞ்சள் சாயலுள்ள எல்இடி போடுங்கள். பிளாஸ்டிக் வீடென்றால் உள்சுவருக்குக் கறுப்பு அடியுங்கள், இல்லாவிட்டால் சுவரே ஒளிரும். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு துண்டு பட்டர் பேப்பர் ஒட்டினால் பல்பு தெரியாமல் வெளிச்சம் மட்டும் தெரியும்.

இவ்வளவுக்கும் பெரிய பணம் தேவையில்லை, ஆனால் டிசம்பர் மூன்றாவது வாரத்தில் கடைக்குப் போனால் தேவைப்படும். இந்த வருடம் பலகையும் தண்டவாளமும் மட்டும் வாங்கி, வண்டியை ஓட்டிப் பழகுங்கள். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு பனி மரமும் பீங்கான் வீடும் தள்ளுபடிக்கு வந்துவிடும். ஊரை அப்போது வாங்கிக்கொள்ளலாம்.