பேரேடு பொறுப்பேற்குமா?

புதுப்பொறி ஒன்று சந்தைக்கு வரும்போதெல்லாம் அதனோடு ஒரு புது நம்பிக்கையும் விற்பனைக்கு வருகின்றது. வைத்தியத் துறையிலே இன்று விற்கப்படும் நம்பிக்கைகளுள் ஒன்று பிளாக்செயின் அடையாளம்.

இதயமுடுக்கியும் இன்சுலின் பம்பியும் வலையமைப்போடு இணைந்துவிட்ட காலம் இது. அவற்றுக்குக் கட்டளையிடுபவர் உண்மையான வைத்தியர்தாமா என அறிவது எங்ஙனம்? பல கணினிகளில் ஒருங்கே பேணப்படும், எவராலும் அழித்தெழுத முடியாத பேரேடொன்றில் வைத்தியர், நோயாளி, கருவி ஆகியோரின் திறவுகோல்களைப் பதிந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்கின்றனர் இதன் ஆதரவாளர். நடுவே அதிகாரி எவரும் வேண்டியதில்லையாம். நோயாளியே தன் அடையாளத்துக்கு அதிபதியாம்.

கேட்க இனிக்கும் இவ்வாதத்தை அனுபவம் என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

ஆபத்து கற்பனையன்று. 2017 ஓகஸ்டிலே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அபொட் நிறுவனத்தின் ஏறத்தாழ 465,000 இதயமுடுக்கிகளில் பாதுகாப்புக் குறை உண்டென அறிவித்தது. அருகே நிற்கும் ஒருவர் வானொலி அலைவழி புகுந்து மின்கலத்தை வற்றச் செய்யலாம்; துடிப்பின் வேகத்தையும் மாற்றலாம். எவரும் தாக்கப்பட்டதாக அப்போது அறியப்படவில்லை; ஆயினும் மென்பொருளைப் புதுப்பிக்க நோயாளிகள் வைத்தியரிடம் நேரிற் செல்ல வேண்டியதாயிற்று. 2019 இல் மெட்ரோனிக் நிறுவனத்தின் பழைய மினிமெட் பம்பிகளில் குறை வெளிப்பட்டபோது அவ்வழியும் இருக்கவில்லை. திருத்த இயலாத அக்கருவிகளை மாற்றிக்கொள்ளுமாறே கூறப்பட்டது.

பேரேடு இங்கே என்ன செய்திருக்கும்? கட்டளையை ஏற்பதா மறுப்பதா எனத் தீர்மானிப்பது உடலினுள் இருக்கும் சின்னஞ்சிறு கருவி. ஒரே மின்கலத்தை நம்பிப் பல்லாண்டு இயங்கும் அது, ஒவ்வொரு கட்டளைக்கும் தொலைவிலுள்ள பேரேட்டை வினவிக்கொண்டிருக்க இயலாது. அதன் மென்பொருளிலே ஓட்டை இருப்பின், பேரேட்டின் தூய்மை அதனை அடைக்காது. எழுதியது மாறவில்லை என்றே பேரேடு சான்று கூறும். எழுதியது மெய்யா, திறவுகோல் இன்று கள்வன் கையிலா என்பதை அது அறியாது.

எஸ்தோனியாவைப் பாருங்கள். மருத்துவப் பதிவுகளைக் காக்க இத்தகைய சங்கிலித் தொழில்நுட்பத்தைக் கைக்கொண்டதாகப் பெயர்பெற்ற நாடு அது. அங்கே 2017 இல், குடிமக்களின் அடையாள அட்டையிலுள்ள சில்லு திறவுகோலை ஆக்கும் முறையிலேயே குறை காணப்பட்டது. ஏறத்தாழ 750,000 அட்டைகள் ஐயத்துக்குள்ளாயின. நவம்பரில் அரசு அவற்றின் சான்றுகளை இடைநிறுத்தியது; புதுப்பித்தும் கொடுத்தது. மக்களைக் காத்தது எது? பழைய திறவுகோலை முடக்கும் அதிகாரமும், மக்களுக்குப் பதில்கூறும் கடப்பாடும் கொண்ட பொது நிறுவனமே. “நடுவே எவரும் வேண்டாம்” என்போர் ஒழிக்க விரும்புவது இதனைத்தான்.

‘அதிபதி’ என்ற பட்டத்தின் உட்பொருளும் இங்கேதான் வெளியாகின்றது. திறவுகோலைத் தொலைத்த முதியவர் யாரிடம் முறையிடுவார்? அயலூர் வைத்தியசாலையில் நினைவிழந்து கிடப்பவரின் கருவியை யார் திறப்பார்? அழியாப் பேரேட்டில் ஒருமுறை ஏறிவிட்ட நோயின் பெயரை யார் நீக்குவார்? பட்டத்தைச் சூட்டிப் பாரத்தை நோயாளியின் தலையில் ஏற்றிவிட்டு, கருவியை விற்று இலாபம் பெற்றவர் விலகிக்கொள்ள இது வழிசெய்கின்றது.

பேரேட்டினால் பயனே இல்லை என்பது எமது வாதமன்று. யார், எப்போது, எம்மாற்றத்தைச் செய்தார் என்ற பதிவை உற்பத்தியாளரே இரகசியமாகத் திருத்தாதபடி தடுக்க அது உதவும். ஆனால் அதற்குமுன் சில கடமைகள் சட்டமாக வேண்டும். நோயாளியின் விபரம் எதுவும் சங்கிலியில் ஏறலாகாது. களவுபோன திறவுகோலை உடனே முடக்கவும் மாற்றவும் வழி வேண்டும். உயிராபத்து வேளையிலே வைத்தியர் கருவியைத் திறக்க வழி வேண்டும். அவ்வாறு திறந்தமை பின்னர் விசாரணைக்குட்பட வேண்டும். கருவி உடலில் உள்ளவரை அதனைத் திருத்தும் செலவும் பொறுப்பும் உற்பத்தியாளரையே சார வேண்டும்.

இவை நடவாத கனவுகள் அல்ல. இணையத்தோடு தொடர்புறும் மருத்துவக் கருவிக்கு அனுமதி கோருவோர், குறைகளைக் கண்காணித்துத் திருத்தும் திட்டத்தையும் மென்பொருட் கூறுகளின் பட்டியலையும் ஒப்படைக்க வேண்டுமென 2022 டிசம்பரில் அமெரிக்கச் சட்டம் விதித்தது. தனியார் முதலீட்டின் கோட்டையே இவ்விடயத்தைச் சந்தையின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடவில்லை.

விஞ்ஞானத்தைக் கற்பிப்போரும் கற்போரும் இனி ஒரு கேள்வியைக் கைவிடலாகாது. பொறி எத்துணை நுட்பமானது என்று வியக்குமுன், அது பிழைத்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். விடையாகப் பேரேட்டைச் சுட்டிக்காட்டுபவரிடம், பேரேட்டுக்குப் பின்னால் நிற்கும் மனிதரைக் காட்டுமாறு கேளுங்கள்.