ஆலய வாசலில் ஒரு புத்தக அலமாரி

மம்பாவில் எங்கள் தேவாலய வாசலை ஒட்டி ஒரு கண்ணாடி அலமாரி, மடக்கு மேசை, சில்லறைக்கு ஒரு மைலோ டின். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் திறப்பேன். பெரிய எழுத்து வேதாகமம்தான் அதிகம் போகும். நெற்றியில் விளக்குக் கட்டி இருட்டில் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி, மாதம் ஐந்து வெள்ளியாகக் கொடுத்து அதை வாங்கினார். கணக்கு நோட்டில் கடைசித் தவணையை அவரே கோடு போட்டு அடித்தார்.

ஆலயத்தில் வியாபாரம் கூடாது என்கிறார்கள் சிலர். இயேசு வியாபாரிகளைத் துரத்தியது நான்கு சுவிசேஷங்களிலும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இங்கே மிஞ்சும் காசு அடுத்த புத்தகக் கட்டுக்கே போகிறது.

தமிழ் அச்சே சபையின் கையில் வளர்ந்த பிள்ளை. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அந்த வழியில் வந்த நாம் ஜெபப் புத்தகத்தோடு நின்றுவிடலாமா? வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’, கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’, மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எல்லாம் அந்த அலமாரியில் நிற்க வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகமும் வேண்டும். தோட்டத்துப் பக்கம் வேறு தமிழ்ப் புத்தகக் கடை எங்கே இருக்கிறது?

அலமாரியை எடுத்துவிட்டு அங்கே ஒலிபெருக்கி வைக்கலாம் என்று இப்போது பேச்சு. மூன்றடி இடம்தான் கேட்கிறேன். விட்டுவையுங்கள்.