காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. மற்றவர்களுக்கு?



போன வாரம் ஒரு உம்மா வட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்பியிருந்தார். "டீச்சர், எங்கட புள்ளைகளுக்கு பன்றிப் படம் ஈக்கிற புத்தகமா காட்டினீங்க?" கோபத்தில் கேட்கவில்லை, கவலையில் கேட்டார். அவருக்குத் தனியாகப் பதில் சொல்லிவிட்டேன். இன்னும் சிலருக்கும் இதே கேள்வி இருப்பதாகத் தெரிகிறது. அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

ஆம், காட்டினேன். புத்தகத்தின் பெயர் 'தி அக்லி ஃபைவ்'. 'க்ரஃபலோ' கதையை எழுதிய ஜூலியா டொனால்ட்சன் எழுதி, அக்செல் ஷெஃப்லர் படம் வரைந்து 2017இல் வெளிவந்தது. ஆபிரிக்காவுக்கு சஃபாரி போகிறவர்கள் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்ற 'பெரிய ஐந்தை'ப் பார்க்கத்தான் போவார்கள். யாரும் தேடாத ஐந்தும் அங்கே உண்டு. வில்டபீஸ்ட், முகத்தில் மரு உள்ள காட்டுப்பன்றி, கழுதைப்புலி, பிணந்தின்னிக் கழுகு, வழுக்கைத் தலைப் பெருநாரை. இந்த ஐந்தும் தாங்கள் அசிங்கம் என்று தாங்களே சொல்லிக்கொண்டு கூட்டாக நடக்கின்றன. கடைசியில் அவற்றின் குட்டிகளும் குஞ்சுகளும் வந்து, எங்களுக்கு நீங்கள்தான் அழகு என்கின்றன. பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

பன்றி இறைச்சி ஹராம். அதில் பேச்சே இல்லை. நாயோ பன்றியோ ஈரத்தோடு பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும் என்பது நமது ஷாபி மத்ஹப். அதையும் நான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறேன். அது சுத்தம் பற்றிய சட்டம். அந்த உயிரை வெறுக்கச் சொல்லி எங்கே இருக்கிறது? தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவருக்குப் பாவம் மன்னிக்கப்பட்டது என்பது புஹாரியில் உள்ள ஹதீஸ். வெள்ளிக்கிழமைகளில் நாம் ஓதும் சூரத்துல் கஹ்ஃபில் குகைவாசிகளோடு ஒரு நாயும் இருக்கிறது. ஆதம் நபியின் மகனுக்கு மையித்தை அடக்கக் காட்டிக் கொடுத்தது ஒரு காகம். இவ்வளவும் ஓதிய நமது பிள்ளைகள்தான் ரோட்டில் படுத்திருக்கும் நாய்க்குக் கல்லெறிகிறார்கள். பெரியவர்கள் நாமும் பார்த்துக்கொண்டே போகிறோம்.

அந்த உம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஆனால் எனக்கே பதில் தெரியாத கேள்வியை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்.

"டீச்சர், அதுகள்ட குட்டிகள் மட்டும்தானே அழகு என்டு செல்லுது? மத்த மிருகங்கள் ஒன்டும் செல்லல்லயே?"

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்போம். அதைத் திருப்பிப் போட்டதுதான் இந்தக் கதை. குஞ்சுக்கும் தன் தாய்க்காகம் பொன்காகம். நல்ல கதைதான். ஆனாலும் பிள்ளை கேட்டது நியாயம். சொந்தப் பிள்ளை தாயை அழகு என்பதில் என்ன அதிசயம்? ஒதுக்கப்பட்டவர் ஏங்குவது வெளியிலிருந்து வரும் அன்புக்கு.

கேட்டவள் இந்த வருடம் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை. பேச்சு கொஞ்சம் வேறு. இடைவேளையில் அவள் தனியாகச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். கூச்ச சுபாவம் என்று நினைத்து விட்டுவிட்டேன். அது என் பிழை. மறுநாள் விசாரித்தால், அவள் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று சில வீடுகளில் சொல்லியே அனுப்பியிருக்கிறார்கள். எந்த ஊர், யாருடைய பிள்ளை, வாப்பாவுக்கு என்ன தொழில் என்று எல்லாம் கேட்ட பிறகுதான் நமக்கு ஒரு பிள்ளை பிள்ளையாகத் தெரிகிறது.

2018 மார்ச்சை நாம் மறக்கவில்லை. திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை என்று வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நம்மை அசிங்கமாகக் காட்டிய பதிவுகள் அதற்கு முன்பே போனுக்குப் போன் பரவியிருந்தன. அந்த நாட்களில் நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொண்டோம். ஆனால் இன்று வரை நன்றியோடு எதைச் சொல்கிறோம்? காவல் நின்ற சிங்கள அயலவர்களையும், துணைக்கு வந்த ஹாமுதுருமாரையும்தான். நமது ஆட்களின் அன்பு எப்போதும் இருந்தது. அன்று நமக்குத் தேவைப்பட்டது மற்றவர்களின் ஒரு வார்த்தை.

அதன் அருமை தெரிந்த நாமே அந்த ஒரு வார்த்தையை ஒரு சின்னப் பிள்ளைக்குக் கொடுக்க யோசிக்கலாமா?

இந்த வாரத்திலிருந்து வகுப்பில் உட்காரும் இடங்களை மாற்றிக்கொண்டே இருப்பேன். பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இன்றிரவு பிள்ளையிடம் மார்க்ஸ் கேட்பதற்கு முன், "இன்டைக்கு யாரோட சாப்பிட்ட? யார் தனிய இருந்த?" என்று கேளுங்கள். பன்றிப் பக்கம் இன்னும் சங்கடமாக இருந்தால் பாடசாலைக்கு வாருங்கள், சேர்ந்தே வாசிப்போம்.

அல்லாஹ் நமது பிள்ளைகளின் கல்பை விசாலமாக்குவானாக. நமது கல்பையும்.