எந்தப் பிளவை அடைப்பது?

நீரில் மூழ்கவும் எழவும் வல்ல மாதிரி நீர்மூழ்கிக் கப்பல் செய்யும் கலையில் ஈடுபட்டவர்களிடையே, மோட்டார், பாட்டரி, ரேடியோக் கருவி ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது காணப்படும் உற்சாகம், வெளிக்கூட்டின் பிளவுகளை அடைத்து உப்புத்தாளால் தேய்க்கும் வேலையைப் பற்றிய பேச்சு வந்தவுடன் வடிந்துவிடுகிறது. பட்டி பார்ப்பதற்குப் பொறுமை இருந்தால் போதும், புத்திக்கு அதில் ஸ்தானம் இல்லை என்று அவர்களில் பலர் எண்ணுகிறார்கள். தண்ணீருக்கடியில் போகப்போகிற பொருளை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. என் அபிப்பிராயம் இதற்கு நேர் விரோதமானது. மோட்டாரையும் ரேடியோவையும் யாரும் விலை கொடுத்து வாங்கிப் பொருத்திவிடலாம். ஆனால் ஒரு கப்பலின் உடலில் எந்தப் பிளவு அடைபட வேண்டியது, எது திறந்திருக்க வேண்டியது என்று நிர்ணயிப்பதற்கு, அந்தக் கப்பல் எதற்காக அப்படிக் கட்டப்பட்டது என்ற ஞானம் வேண்டும். அந்த ஞானம் இருக்கிறதா இல்லையா என்பதை மாதிரியின் வேறெந்த அங்கத்தையும்விடப் பட்டி வேலையே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

விஷயம் பழகாதவர்களுக்கு ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இத்தகைய மாதிரிகளில் பெரும்பாலானவற்றின் வெளிக்கூடு ஜலம் புகாதபடி அமைக்கப்படுவதே இல்லை. மோட்டாரும் பாட்டரியும் மின்சாரக் கருவிகளும், இரு முனைகளும் ரப்பர் வளையங்களால் இறுக்கப்பட்ட ஓர் உருளைக்குள் பத்திரமாக இருக்க, அந்த உருளைக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவிலுள்ள இடமெல்லாம், கப்பலைக் குளத்தில் விட்டவுடன் தண்ணீரால் நிரம்பிவிட வேண்டும். எனவே, கசிவைத் தடுப்பதற்காகப் பிளவை அடைக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு கண்ட துவாரத்தையெல்லாம் பூசி மெழுகிவிடுகிறவர், தம் கையாலேயே கப்பலைக் கெடுத்துக்கொள்கிறார். உள்ளே சிக்கிய காற்று அதை மூழ்கவிடாது. எப்படியோ மூழ்கிவிட்டாலும், மேலே வரும்போது உள்ளிருக்கும் நீர் வடிய வழியின்றித் தங்கி, மேற்பாகம் கனத்து, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் நூற்றுக்கணக்கில் கட்டிய ஏழு-சி வகைக் கப்பலை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். ரெவெல் கம்பெனி அதை 72-இல் ஒரு பங்கு அளவில் கிட்டாக வெளியிட்டிருப்பதால், ஓடும் மாதிரி செய்ய விரும்பும் பலர் அதையே நாடுகிறார்கள்; 67 மீட்டர் நீளமுள்ள அசல், இந்த அளவில் ஏறக்குறைய 93 சென்டிமீட்டராகிறது. அசலின் இரு பக்கங்களிலும், மேல்தளத்துக்குக் கீழே, வரிசை வரிசையாகத் துவாரங்கள் அமைந்திருக்கின்றன. பகைவரின் விமானம் கண்ணுக்குத் தென்பட்டால் அரை நிமிஷ அளவில் கடலுக்குள் மறைந்துவிட வேண்டிய கப்பல் ஆதலால், மேல்தளத்துக்கும் அழுத்தம் தாங்கும் உட்கூட்டுக்கும் நடுவே நீர் சடுதியில் புகுவதற்கும், எழும்போது சடுதியில் வடிவதற்கும் இத்துவாரங்கள் அவசியமாயின. கீல் நகரத்துக்கு அருகில் லாபோ கடற்கரையில் 1972 முதல் கண்காட்சியாக நிற்கும் யூ-995 என்ற கப்பலில் இவற்றை இன்றும் பிரத்தியட்சமாகக் காணலாம். கிட்டுகளிலோ இவை பெரும்பாலும் வெறும் பள்ளங்களாக வார்க்கப்பட்டிருக்கும். ஓடும் மாதிரி செய்பவர் பட்டியைக் கையில் எடுப்பதற்கு முன் துளைக்கருவியையும் சிற்றரத்தையும் எடுத்து, ஒவ்வொரு பள்ளத்தையும் துவாரமாக்க வேண்டியிருக்கிறது.

இத்துவாரங்களுக்கு அசல் கப்பல் கொடுத்த விலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நீருக்குமேல் 17.7 நாட் வேகத்தில் ஓடிய ஏழு-சி, நீருக்கடியில் 7.6 நாட்டுக்குமேல் ஓட இயலாமற் போனதற்கு மின்சாரச் சக்தியின் குறைவு ஒரு காரணம். துவாரங்களும், மேல்தளத்துப் பீரங்கியும், கைப்பிடிக் கம்பிகளும் தண்ணீரைக் கலக்கித் தடுத்தது மற்றொரு காரணம். யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில் தோன்றிய இருபத்தொன்றாம் வகையில், பாட்டரிகளைப் பெருக்கியதோடு, மேல்தளத்துப் பீரங்கியை நீக்கி, உடலை வழவழப்பாக்கினார்கள். அது நீருக்குமேல் ஓடுவதைவிட நீருக்கடியில் அதிக வேகமாக, 17 நாட் அளவில், ஓடியது. பின்னர் 1959-இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த ஸ்கிப்ஜாக், நீர்த்துளி போன்ற உருவத்தோடு, வெளியில் தெரியும் துவாரங்கள் மிகக் குறைந்த கப்பலாயிற்று. ஏழு-சியைச் செய்பவர் துவாரங்களைக் காப்பாற்றப் பாடுபட வேண்டும். ஸ்கிப்ஜாக்கைச் செய்பவரோ அடிப்பாகத்தில் தேவையான சில வழிகளை விட்டுவிட்டு, மற்ற எல்லாப் பொருத்துகளையும் கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாமல் மறைக்கப் பாடுபட வேண்டும். இரண்டுக்கும் ஒரே முறையைக் கைக்கொள்வது அறியாமை.

உடலின் வழவழப்பில் அக்கறை என்பது மாதிரி செய்பவர்களின் வீண் பிடிவாதம் என்று சொல்பவர்கள் ஹன்லியை நினைவில் கொள்வது நல்லது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864-ஆம் வருஷம், யுத்தத்தில் ஒரு பகைக் கப்பலை முதன்முதலாக மூழ்கடித்த நீர்மூழ்கி அது. எட்டுப் பேர் உள்ளே உட்கார, அவர்களில் ஏழு பேர் கையால் சுழற்றி ஓட்டிய இரும்புக் குழாய். 2000-ஆம் வருஷம் அதைக் கடலடியிலிருந்து எடுத்துப் பார்த்தபோது, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு சேர்க்கப்பட்டிருந்ததும், ஆணித் தலைகள் மட்டமாக்கப்பட்டிருந்ததும் தெரியவந்தன. மனிதனின் தோள்பலத்தைத் தவிர வேறு சக்தியில்லாத நிலையிலும், நீர் தடையின்றி வழுகிச் செல்ல வேண்டும் என்ற சிரத்தை அதைக் கட்டியவர்களிடம் இருந்திருக்கிறது.

இனி, வார்ப்பின் குற்றத்தாலோ பொருத்தின் குற்றத்தாலோ ஏற்பட்ட, அடைக்கவே வேண்டிய பிளவுகளுக்கு வருவோம். கார்களுக்குப் பூசும் பாலியெஸ்டர்ப் பட்டி கண்ணாடி இழைக் கூட்டுக்கு மிகப் பொருத்தமானது. மெல்லிய பிளாஸ்டிக் கூட்டிலோ, அதிலுள்ள ஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைப்பதோடு, இறுகும்போது எழும் உஷ்ணம் கூட்டை நெளியச் செய்துவிடக்கூடும். குழாயில் வரும் சாதாரணப் பட்டி காயக் காயச் சுருங்கும். அதைத் தடிப்பாகப் பூசினால், இன்று மட்டமாக இருந்த இடம் சில நாட்களில் பள்ளமாகிவிடும். இரண்டு பகுதிகளைச் சரிசமமாகப் பிசைந்து இடும் எப்பாக்ஸிப் பட்டி சுருங்குவதில்லை, ஈர விரலால் நீவிவிட இடம் கொடுக்கிறது. அகலமான பிளவுக்கு அதுவே உத்தமம். மயிரிழைப் பிளவுக்கு டால்கம் பவுடர் கலந்த சூப்பர் குளூ போதும். ஆனால் அதை அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும், நாள் கடந்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, பசை நிற்கப் பிளாஸ்டிக் மட்டும் தேய்ந்துபோகும். விரல் நுழையும் சந்தாக இருந்தால் முதலில் பிளாஸ்டிக் பட்டையை வெட்டி ஒட்டி நிரப்பிய பிறகே பட்டியை நாட வேண்டும்.

பட்டியைக் குறைவாக இடவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குச் சிக்கனம் காரணமன்று. மிதக்கும் கப்பலை மூழ்கச் செய்ய, நீர்மட்டத்துக்குமேல் தெரியும் திடப்பொருள் எவ்வளவு கன அளவு உண்டோ அவ்வளவு கன அளவு நீரை உள்தொட்டி ஏற்றுக்கொள்ள வேண்டும். மேல்தளத்தில் 100 கன சென்டிமீட்டர் பட்டியை அதிகமாகப் பூசினால், தொட்டியும் 100 கன சென்டிமீட்டர் பெரிதாக இருந்தாக வேண்டும். நீரைவிடக் கனமான அந்தப் பட்டியின் உபரி எடையைத் தாங்க நீர்மட்டத்தை ஒட்டி ஃபோம் வைக்க வேண்டும். பாரம் மேலே ஏறியதால் ஸ்திரத்தன்மை குறைந்ததை ஈடுசெய்ய அடியில் ஈயம் சேர்க்க வேண்டும். வெளியே அலட்சியமாகப் பூசியது உள்ளே உள்ள கணக்கையெல்லாம் குலைத்துவிடுகிறது.

தேய்ப்பதிலும் யோசனை வேண்டும். உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பள்ளத்துக்குள் இறங்கி அதை இன்னும் ஆழமாக்கும். சிறு கட்டையில் தாளைச் சுற்றி, பிளவின் நீளத்துக்குக் குறுக்கே, சற்றுச் சாய்வாகத் தேய்த்தால் மேடு மட்டுமே கரையும். 220 எண்ணில் தொடங்கி 320, 400 என்று ஏறி, 600-இல் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து முடிப்பது நல்ல வழக்கம். பிறகு சாம்பல் நிறப் பிரைமர் ஒரு பூச்சு; அதன்மேல் கறுப்பு வர்ணத்தைத் தூறலாகத் தெளித்து மறுபடியும் தேய்த்தால், கறுப்பு எங்கே மறையாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். நனைத்துத் தேய்ப்பதால் தூசும் பறப்பதில்லை. பாலியெஸ்டர்ப் பட்டியையும் கண்ணாடி இழையையும் உலரத் தேய்ப்பவர்கள் முகமூடி இல்லாமல் தேய்க்கவே கூடாது என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நுரையீரலுக்குள் போன தூசை எந்த வைத்தியராலும் தேய்த்து எடுக்க முடியாது.

எல்லாவற்றிலும் கடினமானது, அடைக்கவும் கூடாமல் திறந்தும் விடக் கூடாமல் இருக்கும் பிளவு. உள்ளுருளையை எடுத்துப் பாட்டரியை மாற்றுவதற்காக மேற்கூடும் கீழ்க்கூடும் பிரிந்து சேர வேண்டியிருக்கிறது. சேர்ந்தபோது கோடு தெரியக் கூடாது, பிரிக்கும்போது எதுவும் உடையவும் கூடாது. இதற்கு அனுபவஸ்தர்கள் கையாளும் யுக்தி மிக அழகானது. கீழ்க்கூட்டின் உட்புறத்தில் பிளாஸ்டிக் பட்டையை உதடுபோல் ஒட்டி, இரு பாதிகளும் நழுவாமல் உட்காரும்படி முதலில் செய்துகொள்வார்கள். ஒரு பாதியின் விளிம்பில் மெழுகைப் பூசி, மற்றதன் விளிம்பில் எப்பாக்ஸிப் பட்டியை இட்டு, இரண்டையும் சேர்த்துக் கட்டி, இரவு முழுவதும் இறுகவிடுவார்கள். மறுநாள் மெல்லிய கத்தியை நுழைத்துப் பிரித்தால், பட்டி ஒரு பாதியில் மட்டும் பற்றிக்கொண்டு, மறுபாதியின் விளிம்பை அச்சாக ஏற்றிருக்கும். பிறகு இரண்டையும் மறுபடியும் சேர்த்துக் கட்டிய நிலையிலேயே தேய்த்தால் இருபுறமும் ஒரே மட்டமாகும். மெழுகைச் சோப்பால் சுத்தமாகக் கழுவாவிட்டால் வர்ணம் ஒட்டாது. வர்ணத்தின் தடிப்புக்குச் சிறிது இடம் விடாவிட்டால், திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் விளிம்பில் வர்ணம் உரியும். நிரந்தரமாக ஒட்டுவதைவிட இப்படிப் பிரியக்கூடியதாகப் பொருத்துவதற்கு எத்தனை மடங்கு நிதானம் வேண்டும் என்பது செய்து பார்த்தவர்களுக்கே தெரியும்.

துருவும் அழுக்கும் படிந்ததுபோல் வர்ணம் தீட்டினால் பிளவுகள் மறைந்துவிடும் என்ற வாதத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அலமாரியில் உலர்ந்து நிற்கும் மாதிரிக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஓடும் மாதிரியோ நனைந்த மேனியோடு வெயிலில் எழுகிறது. நனைந்த பரப்பில் சாய்வாக விழும் ஒளி, வர்ணம் மறைத்த ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும்.

ஆகையால், இந்தக் கலையில் புதிதாக இறங்கும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: கிட்டின் பெட்டியைத் திறந்தவுடன் பசையைத் தேடாமல், அசல் கப்பலின் வரைபடத்தையும் புகைப்படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கூட்டிலுள்ள ஒவ்வொரு துவாரமும் ஒவ்வொரு கோடும் எதற்காக இருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், அந்தக் குறிப்பு முடிந்த பிறகு பட்டியைக் குழையுங்கள்.