மனம் தெளிந்தது, உடல் பெருத்தது!

ராசிபுரத்தில் ஒரு தாய். அவள் மகனுக்கு மனநோய். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரியில், கதவு பூட்டிய வார்டில், பல மாதங்களாக இருக்கிறான். இப்படி வைத்துக்கொள்வோம்.

தாய் இரவெல்லாம் பஸ்ஸில் பயணம் செய்து மகனைப் பார்க்கப் போகிறாள். "அம்மா, சாப்பிட்டியா?" என்று மகன் கேட்கிறான். புத்தி தெளிந்துவிட்டது! தாயின் கண்கள் கலங்குகின்றன.

ஆனால், அவன் சட்டைக்குப் பொத்தான் போட முடியவில்லை. ஒல்லியாகப் போன பிள்ளைக்கு வயிறு தள்ளியிருக்கிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

"உட்கார வைத்துச் சோறு போட்டால் பெருக்கமாட்டானா?" என்று ஊரில் சிலர் சிரிப்பார்கள். இது சிரிக்கும் விஷயம் அல்ல.

மாத்திரையும் பூட்டும்

இந்தப் பருமனுக்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல. முதல் காரணம், மாத்திரை. ஒலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் மனக் குழப்பத்தைத் தணிக்கின்றன. அதே சமயம் பசியைத் தூண்டுகின்றன. வயிறு நிறைந்த உணர்வே வருவதில்லை. தூக்கமும் அசதியும் சேர்ந்துகொள்கின்றன.

இரண்டாவது காரணம், பூட்டிய கதவு. வீட்டில் இருப்பவன் காட்டுக்குப் போவான், தறி ஓட்டுவான், சந்தைக்கு நடப்பான். வார்டில் இருப்பவனுக்கு நடக்க இடம் குறைவு. பொழுது போவதில்லை. அடுத்த வேளைச் சாப்பாடுதான் அவன் எதிர்பார்க்கும் ஒரே சந்தோஷம். கோர்ட்டு உத்தரவின் பேரில் அடைக்கப்பட்டவர்களின் நிலைமையும் இதுதான்.

ஆயுளைக் குறைக்கும் பருமன்

எடை ஏறினால் சர்க்கரை நோய் வரும். ரத்தக் கொதிப்பு வரும். இருதயம் கெடும். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த மரணங்களில் பெரும்பாலானவை உடல் நோயால் வருபவை, தடுக்கக்கூடியவை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. "இந்த மாத்திரைதானே என்னை இப்படி ஆக்கியது!" என்று நோயாளி வீட்டுக்கு வந்ததும் அதை நிறுத்திவிடுகிறான். நோய் திரும்புகிறது. மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, அதே பூட்டிய கதவு. பருமனைக் கவனிக்காமல் விட்டால் மனநோய் வைத்தியமே வீணாகிறது.

என்ன செய்யலாம்?

மாத்திரை தொடங்கும் நாளிலேயே எடை பார்க்க வேண்டும். பிறகு மாதந்தோறும் பார்த்துக் குறிக்க வேண்டும். இடுப்பையும் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் எச்சரிக்கை! ரத்தத்தில் சர்க்கரையும் பார்க்க வேண்டும். எடை வேகமாக ஏறினால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றலாம். மெட்பார்மின் மாத்திரையும் சிலருக்கு உதவுகிறது.

"நோயாளிகளைக் கவனிக்கவே ஆள் போதவில்லை, எடை வேறு பார்ப்பதா?" என்று கேட்கலாம். எடை பார்க்க ஒரு நிமிடம் போதும். தினமும் காலையும் மாலையும் மதிலுக்குள்ளேயே கூட்டமாக நடக்கவிடலாம். தோட்ட வேலை தரலாம். ஆனால், கட்டாயப்படுத்தக் கூடாது. வேலைக்குக் கூலி தர வேண்டும். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நல்ல உணவும் பொழுதுபோக்கும் நோயாளியின் உரிமை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. தட்டைப் பிடுங்குவது வைத்தியம் அல்ல. சுதந்திரம் இழந்தவனிடம் சோற்றையும் பறித்தால் அது தண்டனை. சோற்றைச் சற்றுக் குறைத்து, காயும் பருப்பும் கூட்ட வேண்டும். எதைச் சாப்பிட விருப்பம் என்று அவனையே கேட்க வேண்டும்.

இதனால் பலன் உண்டா? உண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் கடும் மனநோய் உள்ள 291 பேரை இரண்டு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு உணவு யோசனையும் கூட்டு உடற்பயிற்சியும் தந்தார்கள். 18 மாதம் கழித்து, மற்றப் பிரிவைவிட அவர்கள் சராசரியாக 3.2 கிலோ அதிகம் குறைந்திருந்தார்கள். 2013-ல் வெளியான முடிவு இது. ஆனால் அவர்கள் வெளியே வாழ்ந்தவர்கள். பூட்டிய வார்டில் இருப்பவனுக்கு ஆஸ்பத்திரிதான் கை கொடுக்க வேண்டும்.

குடும்பத்தின் கடமை

சேலத்திலிருந்து பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. இனிப்பு, முறுக்கு, மாம்பழக் கூடை எல்லாம் போகும். பாசம்தான்! ஆனால் அந்தப் பாசம் சர்க்கரையாக மாற வேண்டாம். நாமக்கல் முட்டையை அவித்துக் கொடுக்கலாம். சுண்டல், கொய்யா கொடுக்கலாம். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது பழமொழி. கொள்ளு நல்ல உணவு. ஆனால் அது மட்டும் கொழுப்பைக் கரைத்துவிடாது. நடையும் வேண்டும்.

"இவன் எடை என்ன?" என்று ஒவ்வொரு முறையும் டாக்டரைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் தொடர்ந்து காட்டுங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவே கூடாது. சந்தேகம் வந்தால் 14416 என்ற இலவச டெலிமானஸ் எண் இருக்கிறது.

சுவரை வைத்துத்தான் சித்திரம். மனத்தைத் திருத்தித் தரும் ஆஸ்பத்திரி, உடலையும் காத்துத் தர வேண்டும். மாத்திரை கொடுக்கும் இடத்தில் ஓர் எடை மெஷினும் இருக்கட்டும். ராசிபுரத்துத் தாய்க்கு மகன் தெளிவோடும் வரவேண்டும், நீண்ட ஆயுளோடும் வரவேண்டும்!